சோல்வெய்க்குக் கொடுத்த ஓய்வு

விடுமுறை நாளில் பிள்ளைகள் பத்து மணி வரை தூங்கினால் குடி ஒன்றும் முழுகிவிடாது என்று பெற்றோர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். பத்தொன்பது வருடங்களாக ஆல்டர் பே உயர்நிலைப் பள்ளியின் வருகைப்பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே போதும், யார் ஓய்வெடுத்தது, யாரை அப்பா அம்மா நாலு ஊருக்கு இழுத்துக்கொண்டு அலைந்தார்கள் என்று சொல்லிவிடுவேன். இப்போது போலீஸ் உடுப்பில் எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களையும் எனக்கு நினைவிருக்கிறது, டெபுடி ஸ்டென்சன். பதினோராம் வகுப்பில் நீங்கள் பதினேழு நாள் தாமதமாக வந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் காரில் பனி உறைந்துவிட்டது என்றுதான் சீட்டில் எழுதினீர்கள். அதில் இரண்டு நாள் மே மாதம். நான் ஒன்றும் கேட்கவில்லை, முத்திரை குத்திக் கொடுத்தேன். அதனால் இன்று நான் பேசும்போது நீங்களும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கலாம்.

வக்கீல் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். வக்கீல் வந்தால் நடந்ததை வரிசையாகச் சொல்ல விடமாட்டார். எனக்கு எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம்.

என் மகள் சோல்வெய்க்கு இந்த நவம்பரில் பதினெட்டு முடிந்தது. அவள் அப்பா அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அரிசோனாவுக்குப் போனார். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பனியோடு சேர்ந்து நாங்களும் ஒத்துக்கொள்ளவில்லை போலும். பிறந்தநாளுக்குக் கூப்பிடுவார். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது நான். புத்தகத்தைச் சொல்லவில்லை, படிக்கும் முறையைச் சொல்கிறேன். இருபத்தைந்து நிமிடம் படி, ஐந்து நிமிடம் எழுந்து நட. தெரியாத வார்த்தையை அட்டையில் எழுது. எது நடந்தாலும் தேதி போட்டுக் குறித்து வை, முக்கியமில்லை என்று தோன்றுவதையும் குறித்து வை. மூன்றாம் வகுப்பிலிருந்து அப்படியே செய்தாள். அவள் கட்டிலுக்கடியில் பதினோரு செருப்புப் பெட்டிகள் இருக்கின்றன, எல்லாம் அட்டைகள். உங்கள் ஆட்கள் அவற்றையும் எடுத்துப் போயிருந்தால் தயவுசெய்து வரிசை கலையாமல் வையுங்கள்.

இந்த நல்ல பழக்கமெல்லாம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் யோசிக்கவில்லை. ஓரிகனில் கொண்டுபோய் விட்டது. அங்கே கடலோரத்தில் ஒரு கல்லூரி, கடலுயிர்களைப் பற்றிப் படிக்கலாம், முழு உதவித்தொகை. கடைசிச் சுற்றுக்குத் தேர்வானவர்கள் பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை நேரில் போய் ஒரு நாள் முழுக்கத் தேர்வும் நேர்காணலும் முடிக்க வேண்டும். எட்டுப் பேர் போவார்கள், இரண்டு பேருக்குக் கிடைக்கும். சோல்வெய் அந்த எட்டில் ஒருத்தி. கிடைத்தால் நான்கு வருடம் அங்கே. அதற்குப் பிறகு யார் ஆல்டர் பே பக்கம் திரும்பி வருகிறார்கள். ஒவ்வொரு ஜூனிலும் பட்டமளிப்பு மேடையில் பெயர்ப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். போனவர்கள் கணக்கு எனக்குத் தெரியும்.

டிசம்பர் இருபது, வெள்ளிக்கிழமை. விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். பெண்கள் பனி ஹாக்கி ஆட்டத்தில் இரண்டாம் பகுதியில் சோல்வெய் சறுக்கிப் பின்பக்கமாக ஆடுகளத்தின் ஓரப் பலகையில் மோதினாள். அதை நான் செய்யவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். முந்நூறு பேர் பார்த்தார்கள். கிளினிக்கில் லேசான மூளை அதிர்வு என்றார்கள். இரண்டு நாள் இருட்டறையில் படுக்க வேண்டும், படிப்பு கூடாது, போன் கூடாது, திரை எதுவும் கூடாது. ஒரு தாள் கொடுத்தார்கள். நம் மாவட்டத்தில் ஹாக்கி ஆடும் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அந்தத் தாளைப் பார்க்கலாம். ஆறு படிகள். முதல் படி முழு ஓய்வு, ஆறாம் படி பழையபடி பள்ளி. ஒவ்வொரு படியிலும் தலைவலியோ மந்தமோ திரும்பி வந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். யார் போட்ட விதியோ, நல்ல விதி.

அந்த இரண்டு நாள் பற்றிச் சொல்ல வேண்டும். திரைச்சீலைக்கு மேல் போர்வையைத் தொங்கவிட்டேன். அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

"அம்மா, கதவிடுக்குல வெளிச்சம் வருது. கண்ணுக்குள்ள குத்துது."

"துண்டு வெச்சு அடைச்சிட்டேன். பேசாம படு."

"நீ எழுந்து போயிடாத."

பதினோரு வயதுக்குப் பிறகு அவள் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிற பெண் அவள். அந்த இரண்டு நாளும் நான்தான் அவளுக்குப் பேச்சு, வெளியுலகம், எல்லாம். அணியில் இருக்கும் பெண்களின் அம்மாக்கள் ஹாட்டிஷ் தட்டுகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். உருளைக்கிழங்கும் இறைச்சியுமாக மூன்று வகை. சுடவைத்து அவளுக்கு ஊட்டினேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல கிறிஸ்துமஸ் இல்லை. இதைக் கூசாமல் சொல்கிறேன்.

ஆறாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"தலைவலி பூஜ்யம். நாளைக்கு அடுத்த படிக்குப் போகலாமாம்மா?"

"என்ன அவசரம் இப்ப? மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு."

"மின்னசோட்டால டிசம்பர் மாசம் எல்லாரும் வெளுத்துத்தாம்மா கெடப்பாங்க. கண்ணாடில உன் மொகத்தப் பாரு."

சிரித்தேன். ஆனாலும் விடவில்லை. அவள் ஒரு படி ஏறும்போதெல்லாம் சோர்ந்திருக்கிறாய், கண் சிவந்திருக்கிறது என்று ஏதாவது சொல்வேன். அதெல்லாம் எந்த அம்மாவும் சொல்வதுதான். பள்ளி திறக்க ஒரு நாள் இருக்கும்போது அவள் ஐந்தாம் படியில் இருந்தாள். பையை அடுக்கி வைத்திருந்தாள். ஓரிகனுக்கு இன்னும் நாற்பத்தெட்டு நாள் என்று சுவர்க் காலண்டரில் பென்சிலால் எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி. வசந்த காலத்தில் எனக்குத் தும்மல் வரும், அதற்கு ஒரு அலர்ஜி மாத்திரை வைத்திருப்பேன். சாப்பிட்டால் மறுநாள் மதியம் வரை தலையைத் தூக்க முடியாது. அதைப் பொடித்து அவள் கோகோவில் கலந்தேன். நன்றாகத் தூங்கட்டும் என்றுதான். ஒரே ஒரு நாள் என்றுதான்.

காலையில் அவள் படுக்கையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த மந்தம் திரும்பி வந்துடுச்சு."

நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள். தாளில் உள்ளபடி ஒரு படி இறங்கினோம். பள்ளிக்குப் போய் என் மேசையில் உட்கார்ந்து, என் மகளின் பெயருக்கு எதிரே மருத்துவ விடுப்பு என்று நானே பதிவு செய்தேன்.

பிறகு எப்படித் தொடர்ந்தது என்று கேட்கிறீர்கள். நாலு மணிக்கு வீட்டுக்கு வருவேன், பாலைச் சுடவைப்பேன், கை தானாக அலமாரிக்குப் போகும். ஒவ்வொரு நாளும் நாளையோடு நிறுத்திவிடலாம் என்று நினைப்பேன். நிறுத்தினால் அவள் எழுந்துவிடுவாள். எழுந்தால் போய்விடுவாள். இதற்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஊரே நல்லபடியாக நடந்துகொண்டது. ஆசிரியர்கள் தேர்விலிருந்து விலக்கு கொடுத்தார்கள். கிளினிக்கில் மூன்று முறை ஸ்கேன் எடுத்தார்கள், மூன்றும் சுத்தம். சிலருக்கு நாளாகும், பொறுமையாக இருங்கள் என்றார்கள். சோல்வெய் பொய் சொல்லத் தெரியாதவள். மருத்துவர் கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னாள். மந்தம் இருக்கிறது, வாய் உலர்கிறது, படித்தது நிற்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி நடுவில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது தரையெல்லாம் அட்டைகள் கிடந்தன. நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நேத்து தெரிஞ்ச வார்த்தை இன்னிக்கு இல்லம்மா. நானே எழுதின அட்டை, எனக்கே புரியல. அதெல்லாம் எங்க போகுது? நான் இனிமே இப்படித்தானா?"

"நீ களைச்சுப் போயிருக்க, கண்ணு. வேற ஒண்ணுமில்ல. வா, சூடா குடி."

குடித்தாள். என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். இருந்தது.

ஜனவரி கடைசியில் புதிய பதிவு மென்பொருளுக்குப் பயிற்சி என்று பள்ளியில் என்னை செயின்ட் பாலுக்கு இரண்டு நாள் அனுப்பினார்கள். சோல்வெய்யைத் தனியாக விட மனமில்லாமல், அணியில் அவளோடு ஆடும் டெஸ்ஸாவின் வீட்டில் விட்டேன். நான் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றாள். கண் பளிச்சென்று இருந்தது. கையில் குறிப்பேடு. தலைவலி எத்தனை, மந்தம் எத்தனை, எத்தனை மணி தூக்கம், என்ன சாப்பிட்டாள், வெளியே என்ன வானிலை, யாரோடு இருந்தாள் என்று நாள்வாரியாகக் கட்டம் போட்டு எழுதி வந்திருக்கிறாள். எனக்கு அதுவரை தெரியாது. மந்தமாகக் கிடந்த நாளிலும் கிறுக்கலாகவாவது எழுதியிருக்கிறாள்.

"சிரிக்கக் கூடாது. நான் துப்பறிஞ்சிட்டேன். பால்தாம்மா குத்தவாளி."

"பாலா? பாவம், அது என்ன பண்ணுச்சு?"

"டெஸ்ஸா வீட்ல பாலே தொடமாட்டாங்க. அவங்கப்பா காலையிலயே சோடா குடிக்கிறாரு. ரெண்டு நாளும் எனக்குப் பூஜ்யம். இங்க பாரு, பூஜ்யம், பூஜ்யம். நான் உன் கோகோவ குடிக்கல, அவ்வளவுதான். இனிமே ஒரு வாரம் பால நிறுத்திட்டுப் பாக்கப் போறேன். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும்தான் மாத்தணும், அப்பதான் சோதனை."

என்னைச் சந்தேகப்படவே அவளுக்குத் தோன்றவில்லை, டெபுடி. பாலைச் சந்தேகப்பட்டாள். அந்த நேரத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். பால்தான் காரணம் என்று சொல்லிவிட்டு, மாத்திரைப் புட்டியைக் குப்பையில் போட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவள் குணமாகியிருப்பாள், ஓரிகனுக்கும் போயிருப்பாள். காலண்டரில் இருபத்திரண்டு நாள் மீதியிருந்தது. அதைப் பார்த்தேன். அன்று மாலை மாத்திரையை ஆப்பிள் கூழில் கலந்தேன்.

ஏழு நாள் அவள் பாலைத் தொடவில்லை. ஏழு நாளும் மந்தம் இருந்தது. எட்டாம் நாள் குறிப்பேட்டை மூடி மேசையில் வைத்தாள். அழவில்லை.

"பால் இல்லம்மா. நான்தான்."

இவ்வளவு நேரம் நீங்கள் எழுதிக்கொண்டே இருந்தீர்கள், இந்த இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். நானும் அன்று அதற்கு மேல் அவள் முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி பனிப்புயல் நடுப்பகலில் வந்தது நினைவிருக்கும். பேருந்துகள் ஓடவில்லை, நாற்பது பிள்ளைகளோடு நான் பள்ளியிலேயே தங்க நேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி இரண்டு முறை போய் அவளைப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் அவள் கட்டத்தில் மூன்றாவது பூஜ்யம். பக்கத்தில் 'புயலா? காற்றழுத்தமா?' என்று எழுதியிருக்கிறாள். அதை நான் பிறகுதான் பார்த்தேன்.

கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குத் திரை கூடாது என்பதால் மின்னஞ்சலை நான்தான் பார்த்தேன். விதிப்படி யாராவது பார்த்துத்தானே ஆக வேண்டும். பிப்ரவரி பதினேழாம் தேதி அங்கிருந்து ஒரு அம்மாள் எழுதியிருந்தார். சோல்வெய்க்கு அடிபட்டதை ஆசிரியர் மூலம் கேள்விப்பட்டோம், பதற வேண்டாம், ஏப்ரல் வரை அவளுக்காக இடத்தை நிறுத்தி வைக்கிறோம், அவள் ஒரு வரி பதில் எழுதினால் போதும் என்று. இவ்வளவு நல்ல மனிதர்கள் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. அவள் பெயரில் நான் பதில் எழுதினேன். நன்றி சொல்லி, நன்றாக யோசித்துவிட்டேன், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க விரும்புகிறேன் என்று. அவள் எழுதுவதைப் போலவே சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினேன். அந்த அம்மாள் உடனே பதில் போட்டார், உன் முடிவை மதிக்கிறோம் என்று. வந்தது, போனது எல்லாவற்றையும் அழித்தேன். கல்லூரியிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று சோல்வெய்யிடம் சொன்னேன்.

இருபத்திரண்டாம் தேதி சோல்வெய் அதிகாலையிலேயே எழுந்து, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எங்கும் போக முடியாது என்று அவளுக்கே தெரியும். சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"எனக்காகக் கொஞ்ச நாள் காத்திருக்கக்கூட மாட்டாங்களாம்மா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"பெரிய எடம்னா அப்படித்தான் இருக்கும். நமக்கு அவங்க வேண்டாம்."

சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு அட்டைகளை எடுக்கவே இல்லை. காலண்டரையும் பார்க்கவில்லை. நான் சொன்னதைச் சாப்பிட்டாள், நான் சொன்னபோது தூங்கினாள். இனி மாத்திரை தேவையில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் கொடுத்தேன். பழக்கமாகிவிட்டது.

மார்ச் மாதத்தில் அவளுக்கு ஒரே ஒரு கவலை மிச்சமிருந்தது. உயிரியல் பாடத்தில் மதிப்பெண் இல்லாமல் பட்டம் கிடைக்காது. தேர்வு எழுத முடியாதவள், தன் குறிப்பேட்டையே ஒரு ஆய்வாக எழுதி ஆசிரியர் ஓக்கர்லண்டுக்குக் கொடுக்க நினைத்தாள். மூன்று பக்கம் எழுத ஒன்பது நாள் ஆயிற்று. உறையில் போட்டு ஒட்டி என்னிடம் தந்தாள். நோயில் இருக்கும் பிள்ளைகளின் ஒப்படைப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். நானே கொண்டுபோய் அவர் அறையில் கொடுத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. மாணவர் ஒப்படைப்பைத் திறப்பது விதிக்குப் புறம்பானது, பத்தொன்பது வருடத்தில் ஒன்றைக்கூட நான் திறந்ததில்லை. மின்னஞ்சல் வேறு விஷயம்.

மறுநாள் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓக்கர்லண்ட் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ரோன்டா, உங்க பொண்ணு எழுதினத ராத்திரி படிச்சேன்."

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கா. நான் பாத்ததுலயே சிறந்தது. அவ முடிவுதான் தப்பு."

அறுபத்தாறு நாளில் மூன்றே மூன்று பூஜ்யங்கள். அந்த மூன்றுக்கும் முந்தைய நாளில் மட்டும் 'யாரோடு' என்ற கட்டத்தில் நான் இல்லை. அவர் அதைப் பார்த்திருக்கிறார். அவள் பார்க்கவில்லை. எல்லாக் கட்டங்களையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டவள், அந்த ஒரு கட்டத்தை மட்டும் ஒப்பிடவில்லை. ஓக்கர்லண்ட் கிளினிக்குக்குச் சொல்லி, அவர்கள் இரத்தம் எடுத்து, பிறகு நீங்கள் வந்தீர்கள். இத்தனை வருடம் ஒரே இயந்திரத்தில் காபி குடித்தவர் முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

அவர் கல்லூரிக்கும் எழுதிப் பார்த்தார் என்று சொன்னீர்கள். இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்ததாகவும் சொன்னீர்கள். அதற்கு நான் சந்தோஷப்படவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, உங்களுக்கு வேண்டிய வாக்கியங்களைச் சொல்கிறேன். மாத்திரையைக் கொடுத்தது நான். தெரிந்தே கொடுத்தேன், ஜனவரி ஐந்திலிருந்து மார்ச் பதினொன்று வரை, நான் ஊரில் இல்லாத நாட்களைத் தவிர. கல்லூரிக்கு எழுதியது நான். அவள் மூளை கெட்டுவிட்டது என்று அவள் நம்பியபோது, இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான், நான் சொல்லவில்லை. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டுங்கள்.

அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது, டெஸ்ஸா வீட்டில் இருக்கிறாள், என்னை எப்போது பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னீர்கள். நீங்கள்தான் போய்ச் சொல்லப் போகிறீர்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடாதீர்கள். நிறுத்தி நிறுத்தி, அவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள். அவளுக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது.